கணவனின் போரை எழுதிய கங்காதேவி



தந்தையின் ஆட்சியை மகளே சரித்திரமாக எழுதுவது உலகில் அருமையாக நிகழ்ந்த செயல். கான்ஸ்டாண்டினோபிள் நகரில் 1083-ஆம் ஆண்டு பிறந்த அன்னா கொம்னேனே என்னும் இளவரசி அவ்வாறு எழுதினார். 1081 முதல் 1118 வரை பைசாந்தியப் பேரரசை ஆண்ட முதலாம் அலெக்ஸியோஸ் அவருடைய தந்தை. முதற் சிலுவைப் போரின் படைகள் தலைநகரை அடைந்தபோது அன்னா சிறுமி. அவருடைய கணவர் ஒரு வரலாற்று நூலைத் தொடங்கி முடிக்காமலே மறைந்தார். அதன் பின்னர், அன்னை நிறுவிய மடத்தில் ஒதுங்கி வாழ்ந்த காலத்தில், ‘அலெக்ஸியாட்’ என்னும் பெருநூலைப் பதினைந்து பகுதிகளாக அன்னா இயற்றினார்.

இத்தகைய பெண் நம் பக்கத்தில் தோன்றவில்லையா என்று வினவுவோருக்கு விடை நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே கிடைத்தது என்பதை எண்ணுங்கால் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது.

1916-ஆம் ஆண்டு இந்நகரில், ஒரு வீட்டு நூற்சேகரத்தில், பண்டிதர் ந. இராமசுவாமி சாஸ்திரியார் பழைய ஏட்டுக்கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். தொடர்பற்ற வேறு இரு நூல்களின் இடையே ஒரு வடமொழிக் காவியம் அதில் ஒடுங்கிக் கிடந்தது. ‘மதுரா விஜயம்’ என்பது அதன் பெயர். ‘வீரகம்பராய சரிதம்’ என்றும் வழங்குவர். இயற்றியவர் கங்காதேவி. விஜயநகரத்தை ஆண்ட முதலாம் புக்கரின் மைந்தனான குமார கம்பணனின் தேவி அவர். தந்தையின் ஆட்சியை அன்னா எழுதினார். கணவனின் படையெடுப்பைக் கங்காதேவி பாடினார். ஏடுகள் சிதைந்திருந்தமையால் காவியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்த அளவில் அது 1924-இல் இந்நகரிலேயே அச்சாயிற்று. 1957-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அதனை வெளியிட்டது.

காவியத்தின் பொருள் நம் தமிழ்நாட்டைப் பற்றியதே. கம்பணன் தெற்கு நோக்கிப் படையுடன் வருகிறான். தொண்டை நாட்டில் சம்புவராயரை வென்று காஞ்சியில் தங்குகிறான். அங்கே ஒரு பெண் அவன் முன் தோன்றி, கோயில்கள் பாழடைந்ததையும், மதுரையின் தென்னஞ்சோலைகள் வெட்டுண்டதையும், மக்கள் படும் துயரையும் எடுத்துரைத்து, வாள் ஒன்றை அளிக்கிறாள். அதன்பின் நிகழும் போரில் மதுரை சுல்தான் கம்பணன் கையால் மாள்கிறான்.

இது சரித்திரமா, புகழ்மாலையா? இவ்வினாவை எழுப்பாமல் நூலைப் போற்றுவது அறிவுடையார்க்கு அழகன்று. தெய்வப்பெண் தோன்றுவதும், இருதுக்களின் வருணனையும், நீர் விளையாட்டும் காவிய மரபு. ஆயினும் உள்ளீடான செய்தி கற்பனையன்று. அரங்கநாதர் திருவுருவம் மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளியதை 1371-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. அதனைச் செய்வித்த கோபணர் விஜயநகரத்தின் அதிகாரி. மதுரையில் நிகழ்ந்த கொடுமைகளுக்கோ வேறொரு சாட்சி உண்டு. 1340-களில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, சுல்தானின் உறவினராக இருந்தும், போர்க் கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் சுல்தான் கொன்ற முறையைக் கண்டித்தே எழுதினார். அவரும் இஸ்லாமியரே. ஆதலால் ஓர் அரசனின் கொடுமையை ஒரு சமயத்தாரின் குற்றமாகக் கொள்ளுதல் தகாது. போர்க்காலத்தில் எழுந்த சொற்களை இன்று அண்டை வீட்டார்மேல் வீசுவோர் நூலையும் உணர்ந்தவரல்லர், நாட்டையும் உணர்ந்தவரல்லர்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். காவியத்தில் சுல்தான் மடிவதோடு பகை முடிகின்றது. ஆனால் மதுரை சுல்தான்களின் நாணயங்களோ 1378 வரையில் கிடைத்திருக்கின்றன. கம்பணன் 1374-லேயே மறைந்துவிட்டான். அன்புடைய கை எழுதும்போது சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் விழுகின்றன. அன்னாவின் எழுத்திலும் தந்தையின் குறைகள் குறைவாகவே தென்படுகின்றன. அதனால் இந்நூல்களைத் தள்ளிவிடலாகாது. கல்லோடும் காசோடும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். அரண்மனையின் உள்ளிருந்தோர் கண்ட காட்சியைக் கல்வெட்டு ஒருபோதும் காட்டாது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். இக்காவியம் பிழைத்தது எவ்வாறு? பேரரசர் எவரும் காக்கவில்லை. ஒரு வீட்டார் பரணிலோ பெட்டியிலோ வைத்திருந்தனர், எறியவில்லை. அவ்வளவே. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவதைப் புண்ணியம் என்று கருதியவர் நம்மவரில் பலர். அவ்வீட்டாரும் அங்ஙனமே கருதியிருந்தால் கங்காதேவியின் பெயரும் கரைந்திருக்கும்.

இந்நகரம் ஏடுகளுக்குப் புகலிடம் என்பதும் நம்மவர் தொண்டால் விளைந்த புகழே. திருநெல்வேலிச் சீமையின் தருவையிலிருந்து இங்கு வந்த மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார் 1905-இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையைத் தொடங்கினார். பாசன் இயற்றியவை என்று அவர் கொண்ட நாடகங்கள் 1912 முதல் அவ்வரிசையில் வெளிவந்து உலகையே வியப்பில் ஆழ்த்தின. இன்றும் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கின்றது. நம் வீடுகளில் எவரும் படிக்கவியலாத ஏட்டுக்கட்டு இருப்பின், அதனைச் செல்லுக்கு இரையாக்காமல் அங்குள்ள அறிஞரிடம் காட்டுவது நம் கடமை.

சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆரல்வாய்மொழி வழியாகவும் ஆரியங்காவு வழியாகவும் நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். அவர்கள் ஏன் வந்தனர், எதை விட்டு வந்தனர், முதல் ஆண்டில் யார் அரிசி கொடுத்து உதவினர் என்பன அரசாங்கப் பதிவேட்டில் இல்லை; பாட்டிமார் நெஞ்சில் இருக்கின்றன. பேரன் பேத்தியர் மலையாளத்தில் படித்து வளர்கின்றனர். நன்று, அது அவர்கள் வாழும் மண்ணின் மொழி. ஆனால் பாட்டி சொல்லும் கதை தமிழில் எழுதப்படாவிடில், இன்னும் ஒரு தலைமுறையில் கேட்பாரும் இரார், சொல்வாரும் இரார்.

ஆதலின் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தந்தையாரைப் பற்றி நான்கு பக்கம் எழுதுங்கள். அன்பினால் சற்று மிகைப்படுத்தினாலும் குற்றமில்லை. ஆண்டையும் ஊரையும் மட்டும் சரியாகக் குறியுங்கள். பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வர். எழுதியதைப் பத்திரமாக வையுங்கள். கங்காதேவிக்கு வாய்த்தது போன்ற ஒரு வீடு உங்கள் எழுத்துக்கும் வாய்க்கட்டும்.