ஏட்டுத் தாமரையும் மேட்டுத் தாமரையும்

தாமரை நீரிற் பிறப்பது, மணலிற் பிறவாது. இதுவே யான் பல்லாண்டு கொண்டிருந்த துணிபு. அதனைத் தகர்த்தவர் பேராசிரியர் எவருமல்லர். என் வகுப்பு மாணவி ஒருத்தி.

'மழை ஓய்ந்தபின் துறைமுக வீதியோரத்து மணல்மேட்டில் ஓரிதழ்த்தாமரை பூத்திருந்தது' என்று அவள் கட்டுரைக் கொப்பியில் எழுதியிருந்தாள். யான் அதனைச் சிவப்பு மையால் அடித்து, 'தாமரை மணலிற் பூவாது' என ஓரத்தில் எழுதினேன். மறுநாட் காலை அவள் ஒரு சிறு செடியை வேரோடு கொணர்ந்து மேசைமேல் வைத்தாள். "ஐயா, இதைத்தான் அம்மம்மா ஓரிதழ்த்தாமரை என்று சொல்லுவா" என்றாள். வேறொன்றும் கூறினாளல்லள்.

சாண் உயரச் செடி, ஒடுங்கிய இலைகள், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மலர். இதழ்கள் ஐந்தேயாயினும், நான்கு சிறுத்து ஒதுங்க, ஒன்றே அகன்று விரிந்து பூவெனத் தோன்றுகின்றது. பெயரிட்டவன் கண்ணை என்னென்பது! சித்த மருத்துவர் இதனை நன்கறிவர். யானோ, காவியங் கற்றவன் என்னுஞ் செருக்கால் வாகடத்தைத் தொட்டதில்லை.

ஆங்கிலப் பாடத்தில் நம் மாணாக்கர் படிக்கும் 'வயலற்' மலரின் குடும்பத்ததே இச்செடி. குளிர்நாட்டுப் பாசிக்கரையே அக்குடும்பத்தின் வீடென நினைத்தல் தவறு. அமெரிக்காவின் மேற்கேயுள்ள வறண்ட புதர்நிலங்களிலும் அவ்வினம் உண்டு. 1753இல் இலின்னேயசு தம் நூலில் நம் செடியை 'வயோலா' இனத்துட் சேர்த்து, 'ஒன்பது விதையது' எனப் பொருள்படும் பெயரிட்டார். பின்வந்தோர் இனத்தை மாற்றினர். ஒன்பது விதையை விட்டாரல்லர். அவர் விதையை எண்ணினார்; நம்மவர் இதழை நோக்கினர். இருவரும் செடியைப் பார்த்தே பெயரிட்டனர். பாராது தீர்ப்பிட்டவன் யான் ஒருவனே.

'மூலிகைப் பெயர் மருத்துவனுக்கன்றோ, இலக்கிய மாணாக்கனுக்கு எதற்கு?' என்பார் உளர். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கனைக் கண்டு மகிழ்கின்றோம். அவற்றுள் மூன்றையேனும் அவன் கண்டிருப்பானா? கருப்பொருளை அறியாதவனுக்குத் திணையிலக்கணம் வெறுஞ் சொல்லடுக்கே. கபிலர் காலத்துப் பூக்கள் சிலவற்றை இவையெனத் துணிய இயலாது இன்று உரைகாரர் இடர்ப்படுகின்றனர். பூ அழிந்ததனாலன்று, பெயரைப் பூவோடு பொருத்திக் காட்டுவார் அற்றமையால் நேர்ந்த இடர் அது. நம் அம்மம்மாமார் காலத்தோடு ஓரிதழ்த்தாமரைக்கும் அந்நிலை வரலாகாது.

ஆதலின், தமிழாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு பாடவேளையேனும் மாணாக்கரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். உப்புவெளி மணலிலும் கன்னியா வழியிலும் நிற்கும் செடிகளின் பெயரை, அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யுங்கள். தெரியாத பெயரைத் தெரியாதென்று சொல்ல நாமும் கூசவேண்டுவதில்லை.

அன்று அக்கொப்பியை மீண்டும் வாங்கினேன். என் குறிப்பை அதே சிவப்பு மையால் அடித்து, 'பிழை ஆசிரியருடையது' என்றெழுதிக் கையொப்பமிட்டேன்.