முகப் பூச்சு வியாபாரமும் நமது மானமும்

கடை வைத்திருப்பவன், தன் சரக்கு இன்ன குணமுடையது, இன்ன விலைக்குக் கிடைக்கும் என்று நாலு பேருக்குத் தெரிவிப்பதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நமக்கும் அதில் ஆட்சேபணை கிடையாது. ஆனால் சரக்கை விற்பதற்கு முன்னால், வாங்குகிறவர்கள் மனத்தில் அவர்களைப் பற்றியே ஓர் இழிவை உண்டாக்கி, பிறகு அந்த இழிவுக்கு இதுதான் மருந்து என்று நீட்டுகிற வியாபாரம் ஒன்று இந்த நாட்டில் அரை நூற்றாண்டாகச் செழித்து வளர்ந்திருக்கிறது. அதுதான் முகத்தைச் சிவப்பாக்குவதாகச் சொல்லும் பூச்சு வியாபாரமாகும்.

1975-ஆம் வருஷத்தில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் பூச்சை இந்தியாவில் விற்க ஆரம்பித்தார்கள். பின்னால் வேறு கம்பெனிகளும் இறங்கின. கம்பெனி வேறானாலும் விளம்பரக் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பெண் கறுப்பாயிருக்கிறாள். ஆகையால் வேலை கிடைக்கவில்லை, அல்லது மாப்பிள்ளை கிடைக்கவில்லை. பூச்சை வாங்கிப் பூசுகிறாள். சில வாரங்களில் வெளுக்கிறாள். உடனே வேலையும் வருகிறது, மாப்பிள்ளையும் வருகிறான். ஒரு விளம்பரத்தில் பெற்ற தகப்பனே தனக்கு ஒரு மகன் இல்லையே என்று ஏங்க, அதைக் கேட்ட மகள் பூச்சைப் பூசி, விமானப் பணிப்பெண்ணாகிச் சம்பாதித்துக் காட்டுகிறாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் செய்த கிளர்ச்சியின் பேரில் 2003-ல் அது நிறுத்தப்பட்டது.

இந்தக் கதையில் உள்ள சூழ்ச்சியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வேலை மறுத்தவன் ஒருவன் இருக்கிறான். பெண் வேண்டாம் என்று எழுந்து போனவன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் செய்தது அயோக்கியத்தனம் என்று அந்த விளம்பரம் ஒரு வார்த்தை சொல்லுகிறதா? இல்லை. மறுத்தவனை யோக்கியனாக்கி, மறுக்கப்பட்டவளைக் குற்றவாளியாக்கி, குற்றத்துக்குப் பரிகாரமாகப் பூச்சை வாங்கச் சொல்லுகிறது. அவள் படித்த படிப்புக்கும், கற்ற தொழிலுக்கும், அறிவுக்கும் அங்கே ஒரு மதிப்பும் கிடையாது. எல்லாவற்றையும் சாதித்தது பூச்சு!

இனி, நம்ப வைக்கும் முறையைப் பார்ப்போம். ஒரே முகத்தைக் கறுப்பு முதல் வெளுப்பு வரை படிப்படியாகப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் படத்தில் வெளிச்சம் மங்கல், முகத்திலும் வாட்டம். கடைசிப் படத்தில் வெளிச்சமும் உண்டு, புன்சிரிப்பும் உண்டு, நல்ல புடவையும் உண்டு. இத்தனையும் மாறியிருக்க, மாற்றம் முழுவதும் களிம்பால் வந்ததாகப் பார்க்கிறவன் எண்ணிக் கொள்ளுகிறான். பிறகு பேர்பெற்ற நடிகர் ஒருவர் வந்து சாட்சி சொல்லுகிறார். அவர் முகம் அந்தக் களிம்பால் வந்ததா என்று கேட்பாரில்லை. இதையே நாளுக்குப் பத்துத் தடவை கேட்டால், கேட்டுக் கேட்டுப் பழகினதே உண்மை போலாகி விடுகிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள்; கேட்கிறவன் புத்தியைக் கொஞ்சங் கொஞ்சமாக மழுங்க அடிப்பதற்குத்தான் இவ்வளவு பணச் செலவும்!

நிறம் என்பதுதான் என்ன? தோலில் உள்ள சில அணுக்கள் மெலனின் என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. இந்த அணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அவை உண்டாக்கும் மெலனின் அளவிலும் வகையிலுந்தான் வித்தியாசம். வெயிலில் உள்ள ஊதாக் கடந்த கதிர்களைத் தடுத்து உடம்பைக் காப்பது அந்த மெலனின். ஆகவே கறுப்பு என்பது வெயில் நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இயற்கை கொடுத்த குடையாகும். குடையை நோய் என்று சொல்லி அதற்கு மருந்து விற்பவனை என்னவென்று அழைப்பது?

சரி, பூசியும் பலிக்கவில்லை என்றால் என்ன சொல்லுகிறார்கள்? இதற்கு நல்ல உதாரணம் டில்லியில் நடந்த வழக்கு. எமாமி கம்பெனியாரின் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ என்னும் ஆண்களுக்கான பூச்சை 79 ரூபாய்க்கு வாங்கிப் பூசிய ஒருவர், தன் நிறம் மாறவில்லை என்று 2013-ல் வழக்குத் தொடுத்தார். கம்பெனியார் சொன்ன பதில் என்ன தெரியுமா? அவர் சொன்னபடி பூசினார் என்பதற்கு ருஜு இல்லை. பூச்சோடு நல்ல உணவு, தேகப் பயிற்சி, சுகாதாரப் பழக்கம் எல்லாம் இருந்தால்தான் பலன் கிடைக்கும் என்பதாகும். இந்த நிபந்தனைகள் டப்பாவின் மேல் இல்லையே என்று நுகர்வோர் மன்றம் கேட்டு, 2024 டிசம்பரில் 14.5 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. மந்திரித்த தாயத்து பலிக்காதபோது “நீ சுத்தமாய் இருந்திருக்க மாட்டாய், உனக்கு நம்பிக்கை போதாது” என்று மந்திரவாதி சொல்லுகிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். பலித்தால் சரக்கின் மகிமை. பலிக்காவிட்டால் வாங்கினவன் குற்றம்!

பணம் மாத்திரம் போனாலும் போகட்டும் என்று விடலாம். உடம்பும் போகிறது. பேர் ஊர் தெரியாத சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்ததில், 13 பேர் இப்படிப்பட்ட களிம்புகளைப் பூசி வந்தவர்கள் என்று தெரிந்தது. முகம் வெளுக்க ஆசைப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளுத்துக் கிடந்தார்கள்!

2020-ல் அமெரிக்காவில் கறுப்பர்கள் கிளர்ச்சி எழுந்து உலகமெல்லாம் பேச்சான பிறகு, ‘ஃபேர்’ என்ற பெயர் எடுபட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. நல்லது. ஆனால் சிவப்பு என்பதற்குப் பதில் பொலிவு, பளபளப்பு என்று சொல்லி, முன்னிருந்த ஆசையையே மற்றவர்களும் விற்பார்களானால், பெயர் மாறியதால் ஆகப் போவதென்ன?

இது நிற்க, குற்றம் முழுவதையும் வியாபாரி தலையில் போடுவது யோக்கியமாகாது. அவன் விதைக்கவில்லை, நாம் விதைத்ததை அறுக்கிறான். “கறுப்பாயிருந்தாலும் களையாயிருக்கிறாள்” என்கிறோமே, அந்த “இருந்தாலும்” யாருடைய வார்த்தை? பிள்ளை சிவப்பாய்ப் பிறக்க வேண்டும் என்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூவைப் பாலில் கரைத்துக் கொடுப்பது எந்தக் கம்பெனி சொன்ன காரியம்? கல்யாண விளம்பரத்தில் “சிவந்த நிறம் தேவை” என்று கூசாமல் எழுதுகிற மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பிள்ளையின் நிறத்தைக் கண்ணாடியில் பார்த்ததுண்டா? வீட்டுக்குள்ளேயே பெண்ணை மட்டந் தட்டி வைத்தால், வெளியே ஒருவன் அந்தப் புண்ணுக்கு மருந்து விற்க வராமல் என்ன செய்வான்?

ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. பொய் விளம்பரத்தால் ஏமாந்தவர்கள் விதியென்று இருந்து விடக் கூடாது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்குக் கம்பெனிக்கும், அதில் சாட்சி சொன்ன நடிகருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க இடமிருக்கிறது. 1915 என்ற எண்ணுக்கு டெலிபோனில் புகார் சொல்லலாம். இது முதலாவது. இரண்டாவது, இதைவிட முக்கியமானது: பெண் பார்க்கப் போகும் வாலிபர்கள் நிறத்தைப் பற்றிப் பேச்செடுக்கும் பெரியவர்களை அந்த இடத்திலேயே தடுத்துக் கேட்க வேண்டும். பெற்றோர்கள் தங்கள் பெண்களிடம் நிறத்தைக் குறையாகச் சொல்லும் பேச்சை இன்றோடு விட்டொழிக்க வேண்டும். தன் தோலைப் பார்த்துத் தானே வெட்கப்படாத பெண்ணிடம் எந்தக் கம்பெனிக்காரனும் இந்தச் சரக்கை விற்க முடியாது. மானமும் அறிவும் டப்பாவில் அடைத்து வருவதில்லை.