வெடி எம் மண்ணில். விடை எம்மொழியில் எங்கே?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் புவி இயற்பியல் அறிஞர் ஒருவர் இவ்வாறு கூறினார்: “துளையிட்டு வெடிவைத்து நிலத்தின் ஆழத்தை ஆராய்வதை ஊராரிடம் விளக்க முற்படாதீர்கள். அஞ்சுவார்கள். மேலும், அதைத் தமிழிலோ மலையாளத்திலோ சொல்லவும் இயலாது.” அவையில் பலர் தலையசைத்தனர். மொழியியல் பயின்ற என்னால் தலையசைக்க இயலவில்லை. இரண்டு கூற்றுகளும் பிழையானவை. இரண்டாவது கூற்றே முதலாவதற்குத் தாய்.

சொல்ல இயலாதா? சொல்லிப் பார்ப்போம். நிலத்தில் ஆழ்துளையிட்டு, வெடிமருந்தை இறக்கி, வாயை அடைத்து வெடிக்கச் செய்கிறார்கள். அதிர்வு கீழே பாய்கிறது. பாறையின் தன்மை மாறுமிடங்களில் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்புகிறது. நெடுந்தொலைவுக்கு வரிசையாக நட்ட அதிர்வுணரிகள் அது வந்துசேரும் நேரத்தைப் பதிகின்றன. 40 கி.மீ. ஆழம்வரை சென்று மீள ஏறத்தாழ 12, 13 நொடிகள் ஆகும். புவியோட்டின் அடித்தளமான அந்த எல்லையை 1909-ஆம் ஆண்டு நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து கண்டறிந்தவர் குரோவேசியரான மொகோரோவிசிச். நிலநடுக்கம் நம் விருப்பப்படி வராது. வெடியோ, வைத்த இடமும் நொடியும் துல்லியமாகத் தெரிந்த அதிர்வு. இவ்வளவுதான். இதில் எந்தச் சொல் தமிழுக்கு அந்நியம்?

திபெத் பீடபூமியில் அந்த எல்லை 70 கி.மீ. ஆழத்தில் கிடக்கிறது. சாலையில் நின்று நிலத்தை அதிரவைக்கும் ஊர்திகளின் ஆற்றல் அவ்வளவு ஆழம் சென்று மீள்வது அரிது. அதனால்தான் 1992-இல் தொடங்கிய ‘இன்டெப்த்’ ஆய்வு வெடிகளை நாடியது. இந்தியப் புவியோடு தெற்குத் திபெத்தின் அடியில் சரிந்து செல்வதைக் காட்டியது. நம் நாட்டிலும் ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் 1972-75-இல் சோவியத் அறிஞர்களுடன் இணைந்து காவலியிலிருந்து உடுப்பி வரை, ஏறத்தாழ 600 கி.மீ., இவ்வாறு அளந்தது. பின்னர் குப்பத்திலிருந்து பழனி வரையிலான தடமும் அளக்கப்பட்டது. முடிவுகள் ஆங்கில ஆய்விதழ்களில் வந்தன. அத்தடத்தில் நிலம் வைத்திருக்கும் ஓர் உழவர் கேட்டால், கையில் கொடுக்க என்னிடம் ஒரு தமிழ்ப் பக்கம் இல்லை.

இனிக் கள்ளிக்காட்டிற்கு வருவோம். நெய்யாறு அணைக்கட்டு நிற்கும் ஊர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தரைமேல் ஒரு கோடு விழுந்தது. தரைக்கடியில் ஒன்றும் பிரியவில்லை. இருபுறமும் சார்னோகைட்டும் கோண்டலைட்டும் விரவிய ஒரே பாறைநிலம். இப்பாறைகள் புவியோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பின்னர் மேலெழுந்தவை. திபெத்தில் எதிரொலியாக மட்டும் அறியப்படும் ஆழத்தின் உறவினரை நாம் ஜல்லியாக உடைத்துச் சாலையில் பரப்புகிறோம்! கல் குவாரியில் குழியடித்து மருந்து நிரப்பும் தொழிலாளிக்கு அதிர்வைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கெட்டிப் பாறையில் அது ஓடும் விதமும் பொடிந்த பாறையில் அடங்கும் விதமும் அவர் காலடியில் உணர்ந்தவை. அவருக்குப் புரியாது என்பது அறிவியலன்று; சாதித்திமிரின் கல்வி வடிவம்.

இனி அச்சம். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பாருங்கள். அங்கே நியாயமான கேள்விகளும் இருந்தன, ஆதாரமற்ற வதந்திகளும் இருந்தன. இரண்டையும் பிரித்துக் காட்டவல்ல எளிய தமிழ் உரிய காலத்தில் ஊருக்குள் போய்ச் சேரவில்லை. மௌனம் விட்ட இடத்தை வதந்தி நிரப்புகிறது. வெடியென்றாலே பேரழிவு என்று பரப்புவோரையும் நான் ஏற்கவில்லை. அவர்களும் மக்களை அறியாதவர்களாகவே நடத்துகிறார்கள். அதேவேளை, தீங்கே இல்லை என்று கைகழுவுவதும் நேர்மையன்று. கிணற்றிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் எவ்வளவு தொலைவில், எவ்வளவு மருந்து, எந்த நாளில் என்பவை ஊரார் கேட்டறிய வேண்டிய எண்கள். விரிசல் விழுந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே நான் கேட்பது சலுகையன்று. துளையிடுவதற்கு முன் ஊரின் மொழியில் ஓர் அறிவிப்பு. எல்லையூர்களில் தமிழிலும் மலையாளத்திலும். ஆய்வு முடிந்தபின் அதே ஊரின் பள்ளிக்கு, அவ்வூரின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் நான்கு பக்கம். ஆய்வுக்கு ஆகும் செலவில் இது ஒரு துரும்பு.

பூமி தன்னிடம் கேட்டவருக்கு 13 நொடியில் விடை சொல்லிவிடுகிறது. அந்த விடை ஐதராபாத்திலிருந்து ஒரு சிற்றூரின் பள்ளிக்கு வந்துசேர எத்தனை ஆண்டுகள் வேண்டும்?