தொழுவத்தில் தொடங்கும் காட்டுக் காவல்



செப்டம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமையை உலகெங்கும் பாறு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். புலி, யானை, மயில் என்றால் நமக்கெல்லாம் பிரியம் உண்டு. செத்த மாட்டைத் தின்னும் பாறுவைப் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லி முகம் சுளித்தே பழகிவிட்டோம். அதனால்தான் இந்த மாதம் அந்தப் பறவைக்காக உங்களிடம் பேசுகிறேன்.

ஊர் எல்லையில் மாடு செத்துக் கிடந்தால் பாறுகள் கூட்டமாக வந்திறங்கும். எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அவற்றின் வயிற்றில் சுரக்கும் கடும் அமிலம், சடலத்தோடு உள்ளே போகும் நோய்க்கிருமிகள் பலவற்றையும் அழித்துவிடும். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த பறவைகளும் பாறுகளே; மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். 1990களில் அவற்றின் வருகை நின்றுபோனது.

அதே ஆண்டுகளில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துவிட்டன. காரணம் வெகுநாள் பிடிபடவில்லை. பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்தவர்கள் 2004இல் விடை கண்டார்கள். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபினாக் ஊசிதான் அது. மருந்து போட்ட சில நாளில் மாடு இறந்து, அந்த இறைச்சியைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே பசியாறும் என்பதால், நூறு சடலங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே போதும், இனமே சரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை மத்திய அரசு 2006இல் தடை செய்தது. ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தது. ஆகவே 2015இல் ஒரு குப்பியின் அளவு 3 மில்லிக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பாறுகளுக்குக் கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வலிமருந்துகள் இரண்டும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகம் என்ற மாற்று மருந்து இருக்கும்போது, விவசாயிக்கும் இதனால் நட்டமில்லை.

இன்று தமிழகத்தில் பாறுகளுக்கு எஞ்சியிருக்கும் பெரிய புகலிடம், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் மோயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றங்கரையின் உயர்ந்த மருத மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவையும் அங்கே உண்டு. வனத்துறை ஊழியர்கள், பழங்குடி மக்கள், ஊர் ஊராகப் போய்ப் பேசும் தன்னார்வலர்கள் எல்லாருமாகச் சேர்ந்துதான் இவற்றைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

ஆனால் காட்டுக்குள் எத்தனை காவல் போட்டாலும், காட்டோரத் தொழுவத்தில் போடும் ஓர் ஊசி அத்தனையையும் வீணாக்கிவிடும். இரை தேடி நெடுந்தூரம் பறக்கும் பறவைக்குச் சரணாலய எல்லை தெரியாது. மாட்டை அடித்த சிறுத்தையைப் பழிவாங்கச் சடலத்தில் தடவும் விஷமும் பாறுவைத்தான் முதலில் கொல்கிறது. மாட்டை இழந்தவரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவருக்கான இழப்பீடு தாமதமின்றிக் கையில் சேர வேண்டும். அப்போதுதான் விஷக்குப்பி தேவைப்படாது. காட்டுயிர்ப் பாதுகாப்பில் இந்த இழப்பீட்டுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாடு வளர்க்கும் வாசகர்களே, ஊசி போடும்போது அது என்ன மருந்து என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மெலாக்சிகம் போதுமா என்றும் கேளுங்கள். மருந்துக்கடை நடத்துபவர்களே, மாட்டுக்கென்று யாராவது டைக்ளோஃபினாக் கேட்டால் தராதீர்கள். ஆசிரியர்களே, இந்தப் பறவையின் கதையை வகுப்பில் ஒரு நாள் சொல்லுங்கள். ஊரில் பாறு இருந்த காலத்தைக் கண்ட பெரியவர்கள், அந்த நினைவுகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்