விளம்பரத்துக்கு முன் நம்பிக்கை

கடைத்தெருவில் ஒரு கடை பிடிக்க முன்பணமும் மாத வாடகையும் வேண்டும். இணையத்தில் கடை திறக்கச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆனால், கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இயல்பாகவே உண்டு. இணையத்தில் அது கிடையாது. புதிதாக வலைத்தளம் தொடங்கும் சிறு தொழில்முனைவோர் ஓரிரு மாதங்களில் இதை உணர்ந்து, உடனே விளம்பரத்தை நாடுகின்றனர். சிலர் அதற்காகக் கடன் பெறவும் முற்படுகின்றனர். அந்த வரிசை சரியன்று என்பதே நம் கருத்து. வங்கியின் இதழ் இவ்வாறு சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் கணக்கு அதையே சொல்கிறது.

800 ரூபாய்க்கு விற்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அடக்க விலை 500, கூரியரும் பொதியும் 120, பணம் பெறும் சேவைக்கான கழிவு 16 எனில், மிஞ்சுவது 164 ரூபாய். விளம்பரத்தின் ஒரு சொடுக்குக்கு 8 ரூபாய் செலவாகி, வருவோரில் ஐம்பதில் ஒருவர் மட்டுமே வாங்குவார் எனில், ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு 400 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் 236 ரூபாய் நட்டம். விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும். வருவோரில் நால்வர் வாங்கும் நிலை ஏற்பட்டால் அச்செலவு 100 ரூபாயாகக் குறைந்து, 64 ரூபாய் கையில் நிற்கும். ஆகவே, ஆட்களை அழைப்பதற்கு முன், வந்தவர் வாங்கும்படி தளத்தைச் சீர்செய்வதே முதல் வேலை.

அது எவ்வாறு? கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரப்பொம்மைகளை நினைத்துப் பார்ப்போம். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. 'அழகிய பொம்மை, சிறந்த தரம்' என்று எழுதினால் எவரும் நம்பப் போவதில்லை. வெட்பாலை மரத்தில் கடைந்தது, அரக்கு வண்ணம் பூசியது, எத்தனை வயதுக் குழந்தைக்கு ஏற்றது, நீளம் எவ்வளவு, எத்தனை நாளில் வந்து சேரும் என்று எழுதினால், வாங்குபவரின் ஐயங்கள் தீரும். அவர் தேடுபொறியில் தட்டச்சு செய்யும் சொற்களும் பெரும்பாலும் இவையே. தேடலில் முதலிடம் பெற்றுத் தருவதாக உறுதி கூறுவோரிடம் பணம் கொடுக்க வேண்டாம். அத்தகைய உறுதியை யாராலும் அளிக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே கூறியுள்ளது.

அடுத்தது நேர்மை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், நிறுவனத்தின் பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் வெளியிடக் கோருகின்றன. புகார் பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவும் வேண்டும். இதைச் சுமையாகக் கருதுவோர் உண்டு. முகம் தெரியாத விற்பனையாளருக்குப் பணம் அனுப்பத் தயங்கும் ஒருவருக்கு, இந்த விவரங்களைவிட நல்ல விளம்பரம் வேறில்லை என்போம் நாம். பொய்யான மதிப்புரைகளும், 'இன்னும் இரண்டே உள்ளன' என்ற போலி அவசரமும் விதிகளுக்குப் புறம்பானவை மட்டுமல்ல. ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வரமாட்டார்.

சிறு வணிகத்தின் உண்மையான இலாபம் அந்த மறுமுறையில்தான் இருக்கிறது. ஒருமுறை வாங்கியவரை மீண்டும் அழைக்க விளம்பரக் கட்டணம் தேவையில்லை. அவருடைய இசைவுடன் பெற்ற மின்னஞ்சலோ கைப்பேசி எண்ணோ போதும். சமூக ஊடகத்தில் ஆயிரம் பேர் பின்தொடரலாம். ஆனால் அந்தக் கணக்கு முடங்கினால் அத்தனை பேரும் ஒரே நாளில் கைநழுவிவிடுவர். வாடிக்கையாளர் பட்டியல் நம்முடையதாக இருத்தல் நலம். அதுபோலவே, வலைத்தளப் பெயரும் வடிவமைத்துக் கொடுத்தவர் பெயரில் அன்றி, உரிமையாளர் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

விளம்பரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பண்டிகைக் காலத்தில், சிறு தொகையில் சோதித்து, ஒரு விற்பனைக்கு ஆகும் செலவைக் குறித்துவைத்து, மிஞ்சும் தொகைக்குள் அது அடங்கினால் மட்டுமே உயர்த்தலாம். அந்தக் கணக்கு கைவந்தபின், சரக்கு வாங்கவோ கருவி வாங்கவோ கடன் கேட்டு வாருங்கள். திருப்பிச் செலுத்தும் வழி அப்போது உங்களுக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும்.