இருபது நிமிடத்தில் கண்மாயைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: பக்கத்து டவுன் ரோட்டரி சங்கத்தின் வாரக் கூட்டத்தில் இயற்கை விவசாயம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். அந்த டவுன் குப்பையெல்லாம் வரத்துக்கால் வழியாக எங்கள் கண்மாய்க்குத்தான் வந்து சேருகிறது. விருந்தாளியாகப் போன இடத்தில் இதைச் சொல்லலாமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: தாராளமாகச் சொல்லலாம். ஆனால், சொல்கிற முறை இருக்கிறது.

முதலில் அந்தக் கூட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1905-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல்காரர் ஆகிய மூவரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது ரோட்டரி. ஒருவர் மாற்றி ஒருவர் இடத்தில் முறை வைத்துக் கூடியதால், சுழற்சி என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது. பல தொழில்காரர்களும் கலந்திருக்க வேண்டும் என்பது அப்போதிருந்தே வழக்கம்.

ஆகவே, உங்கள் எதிரில் டாக்டர், ஆடிட்டர், ரைஸ்மில் முதலாளி, உரக்கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர், ஓட்டல்காரர் என்று உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஆயக்கட்டு நெல் அவர்கள் மில்லுக்குப் போகிறது. அரிசி அவர்கள் வீட்டுக்குப் போகிறது. இவர்கள் எடுத்த வேலையை முடிக்கக்கூடியவர்களும்தான். போலியோ சொட்டு மருந்து முகாம்களில் ரோட்டரிக்காரர்கள் நின்றதை நம் கிராமங்களும் பார்த்திருக்கின்றன. 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பேச்சாளருக்குப் பொதுவாக 20 நிமிடம் கிடைக்கும். பிறகு கேள்விகள், நினைவுப் பரிசு, நன்றியுரை, சாப்பாடு. கைதட்டலோடு விஷயம் முடிந்துபோகும் ஆபத்து இங்கேதான். அப்படி ஆகாமலிருக்கச் சில யோசனைகள்:

கூப்பிட்ட விஷயத்தையே பேசுங்கள். இயற்கை விவசாயத்துக்கு அடியுரமே கண்மாய் வண்டல்தானே? எரு, வண்டல், தக்கைப்பூண்டு என்று உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிறகு, கையோடு கொண்டுபோன ஒரு சட்டி வண்டலை மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். அதில் கிடக்கும் கேரி பேக்கும் பிளாஸ்டிக் டம்ளரும் மீதியைச் சொல்லிவிடும்.

இடத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு முன்பு ஆயக்கட்டுதாரர்கள் இரண்டு பேரோடு டவுனிலிருந்து கண்மாய் வரை வரத்துக்கால் ஓரமாக நடந்து பாருங்கள். எந்தப் பாலத்தடியில், எத்தனை இடத்தில் குப்பை விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் போடுகிறீர்கள்' என்றால் சண்டை வரும். 'இந்த நான்கு இடத்தில் விழுகிறது' என்றால் பேச்சு வளரும்.

ஒன்றே ஒன்று கேளுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. 'மண்டபம், ஓட்டல், கடைக் கழிவு வரத்துக்காலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது அவர்கள் கையிலேயே இருக்கிற காரியம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் தடை இருப்பதால், நீங்கள் கேட்பது சலுகையும் அல்ல.

டவுன் எல்லையில் கம்பி வலை அமைத்துத் தருவதாக அவர்களே முன்வந்தால், அவசரப்பட வேண்டாம். 100 ஏக்கர் (40 ஹெக்டேர்) அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அங்கே அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். வலையில் சேரும் குப்பையை யார் அள்ளுவது என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். அள்ளாமல் விட்டால், ஐப்பசி மழையில் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்துவிடும். பழி உங்கள் மேல் வரும்.

காலம் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1-ம் தேதி சங்கத்தின் தலைவர் மாறுவார். மே, ஜூனில் பேசுகிறீர்கள் என்றால் அடுத்து வரப்போகிற தலைவரையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த விஷயத்துக்கு யார் பொறுப்பு, என்றைக்கு வந்து பார்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். நானும் இப்படிப்பட்ட கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எங்களைப் போன்ற அதிகாரிகள் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். விவசாயி பேசினால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: எங்கள் உழவர் ஆர்வலர் குழுவில் 20 பேர். கூட்டம் போட்டால் ஐந்து பேர்கூட வருவதில்லை. வாராவாரம் கூட்டம் நடத்துகிறவர்களால் மட்டும் எப்படி முடிகிறது?
– வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: கிழமையும் நேரமும் மாறாது, வெளியாள் ஒருவர் வந்து புதிதாக ஏதாவது சொல்வார். இவைதான் காரணம். அவர்களே 2016 முதல் மாதம் இரண்டு கூட்டம் போதும் என்று விதியைத் தளர்த்திக்கொண்டார்கள். நீங்களும் மாதம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கறவை வேலை முடிந்த நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். கால்நடை மருத்துவர், வங்கி மேலாளர், மின்வாரிய லைன்மேன், விதைச் சான்று அலுவலர் என்று முறைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

முதல் கேள்வி கேட்ட வாசகருக்கும் இதில் ஒரு யோசனை உண்டு. ரோட்டரிக்காரர்களின் அடுத்த கூட்டமொன்றைக் கண்மாய்க் கரையிலேயே வைக்கச் சொல்லி அழையுங்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.