கொம்பைப் பார்த்து வாங்கலாமா?

காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீடுகள் பல குறுகி நீண்டவை. முன்னால் தறி, கடைசியில் சமையல் கட்டு.

அங்கேயும் இன்டர்நெட் வந்துவிட்டது. முன்கட்டில் அப்பா செல்போனில் சேலையைக் காட்டி விலை பேசுகிறார். பின்கட்டில் மகள் பாடம் படிக்கிறாள். படம் நடுவில் நின்றால் வியாபாரமும் போச்சு, படிப்பும் போச்சு!

உடனே கடைக்கு ஓடுகிறார்கள். "ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டர் கொடுங்கள்" என்கிறார்கள்.

இது வீண் செலவு. கொம்பு கூடினால் சுவர் கரைந்துவிடாது!

5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் குறைவு. ஆனால் தூரம் போகும். இரண்டும் உள்ள ரவுட்டரே நல்லது.

எங்கே வைப்பது? வீட்டின் நடுவில், உயரத்தில், இரும்பு பீரோவை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். கொம்பு நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் பரவும்.

அப்படியும் பின்கட்டுக்கு எட்டவில்லையா? கம்பி இழுத்து அங்கே இன்னொரு சிறிய ரவுட்டர் வைக்கலாம்.

விவரம் தெரிந்தவர்கள் மினுமினுப்பைப் பார்த்துப் பட்டு வாங்குவதில்லை. ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?